முதல் லத்தீன் புத்தகத்தை நடுவில் திறந்து பாருங்கள்

வீட்டிலேயே படிக்கும் ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு லத்தீன் தொடங்கலாம் என்று முடிவெடுத்த அமெரிக்கப் பெற்றோர் முன் அரை டஜன் பாடத்திட்டங்களாவது வந்து நிற்கும். 1947-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆங்கில எழுத்தாளர் டோரதி சேயர்ஸ் ஆற்றிய ஓர் உரை, கல்வியை மறுபடி லத்தீன் இலக்கணத்திலிருந்து தொடங்கச் சொன்னது. அங்கே 'கிளாசிக்கல்' முறை ஹோம்ஸ்கூலிங் என்று நடப்பதில் பெரும்பகுதி அந்த உரையின் வாரிசு. அதனால் புத்தகங்களுக்குப் பஞ்சமில்லை. தேர்ந்தெடுப்பதில்தான் கோளாறு.

பதிப்பகங்கள் மாதிரிப் பக்கங்களை இலவசமாகத் தருகின்றன. ஆனால் மாதிரியாகப் பெரும்பாலும் கிடைப்பது முதல் இரண்டு மூன்று பாடங்கள். எந்த லத்தீன் புத்தகமும் முதல் மூன்று பாடத்தில் அழகாகத்தான் இருக்கும். 'சல்வே' என்றால் வணக்கம், 'அக்வ' என்றால் தண்ணீர், பக்கத்தில் ஒரு படம், ஒரு பாட்டு. பிள்ளை துள்ளிக்கொண்டு படிக்கும். சில மாதம் கழித்து, 'லத்தீன் வேண்டாம்மா' என்று அதே பிள்ளை புத்தகத்தைத் தள்ளிவைக்கும்.

பெரும்பாலும் வண்டி நிற்கும் இடம் ஒன்றே: செயப்படுபொருள் வரும் பாடம். ஆகவே புத்தகம் வாங்குமுன் பொருளடக்கத்தில் 'அக்யூசேட்டிவ்' (நம் இரண்டாம் வேற்றுமை) என்ற சொல்லைத் தேடிப் பிடித்து, அந்தப் பாடத்தை மட்டும் படியுங்கள். அட்டையோ விலையோ சொல்லாததை அந்த நாலு பக்கம் சொல்லிவிடும்.

'புவெல்ல நௌத்தம் அமத்' என்றால், சிறுமி மாலுமியை நேசிக்கிறாள். 'புவெல்லம் நௌத்த அமத்' என்றால், மாலுமி சிறுமியை நேசிக்கிறான். சொல் வரிசை மாறவில்லை. கடைசி 'ம்' மட்டும் ஒரு சொல்லிலிருந்து மற்றொன்றுக்கு இடம் மாறியிருக்கிறது. (புவெல்லத்துக்கும் வெல்லத்துக்கும் உறவில்லை, ஆனால் பிள்ளை அப்படி நினைவில் வைத்துக்கொண்டால் தடுக்காதீர்கள்.) ஆங்கிலத்தில் படிக்கப் பழகிய பிள்ளை முதலில் வருவதை எழுவாய் என்றே எடுத்துக்கொள்ளும். அந்த மொழியில் இடம்தானே எல்லாம்.

பல புத்தகங்கள் சறுக்குவது இங்கேதான். பயிற்சி வாக்கியங்கள் எல்லாவற்றிலும் எழுவாய் முதலில், செயப்படுபொருள் அடுத்து, வினை கடைசியில் என்றே அடுக்கிவைத்திருப்பார்கள். பிள்ளை விகுதியைப் பார்க்காமலே எல்லாவற்றுக்கும் சரியாக விடை எழுதும். பத்துக்குப் பத்து! மூன்று மாதம் கழித்து செயப்படுபொருள் முன்னே வரும் வாக்கியம் ஒன்று வந்ததும் எல்லாம் சரிந்துவிடும். 'நேற்றுவரை நன்றாகத்தானே செய்தான்' என்று பெற்றோர் குழம்புவார்கள். நேற்றுவரை அவன் படித்தது ஊகம், லத்தீன் அல்ல. எனவே அந்தப் பாடத்தின் பயிற்சியை எண்ணிப் பாருங்கள். பத்து வாக்கியத்தில் இரண்டு மூன்றாவது செயப்படுபொருளோடு தொடங்க வேண்டும். ஒன்றுகூட இல்லையென்றால், அந்தப் புத்தகத்தோடு நீங்களே வாக்கியம் எழுதவேண்டி வரும்.

அதற்கு வழி எளிது. கெட்டியான தாளில் நான்கு சீட்டு வெட்டுங்கள். புவெல்ல, நௌத்த, அமத் என்று மூன்று பெரிய சீட்டு. 'எம்' என்ற ஒற்றை எழுத்துக்குச் சிவப்பு மையில் சின்னச் சீட்டு ஒன்று. மேசையில் மூன்றையும் வரிசையாக வைத்து, சிவப்புச் சீட்டை நௌத்தவின் வாலில் ஒட்டினாற்போல் வையுங்கள். பொருள் சொல்லட்டும். இனி சீட்டுகளின் வரிசையைக் கலையுங்கள், சிவப்பு மட்டும் நௌத்தவோடேயே போகட்டும். பொருள் மாறியதா? இல்லை. இப்போது வரிசையைத் தொடாமல் சிவப்பை மட்டும் எடுத்துப் புவெல்லவுக்கு வையுங்கள். பிள்ளையின் முகத்தில் தெரியும். நாளுக்கு ஐந்து நிமிடம், ஒரு வாரம் இதைச் செய்தால் போதும். இந்த வாரத்தைத் தாண்டும்வரை புதுச் சொல் எதுவும் வேண்டாம்.

வீட்டில் தமிழ் காதில் விழுந்து வளரும் பிள்ளைக்கு இந்த மேடு பாதிதான். 'பாட்டியைப் பூனை கீறியது', 'பூனை பாட்டியைக் கீறியது' இரண்டும் ஒன்றே என்று அதற்குத் தெரியும். பதில் ஆங்கிலத்தில் சொல்லும் பிள்ளைக்கும் தெரியும். அந்த 'ஐ'தான் இந்த 'ம்' என்று ஒரு தடவை காட்டினால் போதும். நம் நான்காம் வேற்றுமை டேட்டிவ், ஆறாம் வேற்றுமை ஜெனிட்டிவ், விளி வேற்றுமை வொக்கேட்டிவ். ஆல், இலிருந்து, இல் என்று நாம் மூன்றாகப் பிரிப்பவற்றில் பெரும்பாலானவற்றை லத்தீன் அப்லேட்டிவ் என்ற ஒரே பெட்டியில் அடைத்திருக்கும். வினையிலும் அப்படியே: அமோ, நேசிக்கிறேன், அமாஸ், நேசிக்கிறாய். 'நான்', 'நீ' தனியாகத் தேவையில்லை. அமத் மட்டும் நேசிக்கிறானா, நேசிக்கிறாளா என்று காட்டிக்கொடுக்காது. வீரமாமுனிவர் பேச்சுத்தமிழின் இலக்கணத்தை லத்தீனில் எழுதி, அது 1738-இல் தரங்கம்பாடியில் அச்சானது. நாம் அதே பாலத்தில் எதிர்த்திசையில் நடக்கிறோம், அவ்வளவே.

குறில் நெடிலும் அப்படித்தான். 'புவெல்ல' எழுவாய், 'புவெல்லா' அப்லேட்டிவ். லத்தீன் புத்தகம் இதை எழுத்தின் தலையில் ஒரு கோடு போட்டுக் காட்டும். கோடு போடாத புத்தகமும் உண்டு. ஆங்கிலக் காதுக்கு அந்தக் கோடு அலங்காரம். தமிழ்க் காதுக்கு அது கலைக்கும் காலைக்கும் உள்ள வேறுபாடு. கோடு உள்ள புத்தகத்தையே வாங்குங்கள். ஆனால் பிள்ளையின் நோட்டில் உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் குறித்து வைக்க வேண்டாம். க, த, ப ஒவ்வொன்றும் லத்தீனில் இரண்டு ஒலி. இந்தக் கட்டுரையே அந்தக் குறையோடுதான் எழுதப்படுகிறது.

அடுத்த கேள்வி புத்தகத்தைப் பற்றியதல்ல: வீட்டில் யாருக்காவது லத்தீன் தெரியுமா? பெரும்பாலும் தெரியாது. தெரியாத இடத்தில் மூன்று பொருள் கட்டாயம்: முழு வாக்கியங்களுக்கும் விடைக்குறிப்பு, எல்லாச் சொல்லுக்கும் ஒலிப்பதிவு, 'ஏன்' என்று பெற்றோருக்குச் சொல்லும் கையேடு. பல திட்டங்களில் இம்மூன்றும் தனித்தனி விலை. பழைய புத்தகம் மலிவாகக் கிடைத்தால் இவற்றில் ஏதோ ஒன்று அதில் இருக்காது. தேடி வாங்கும்போது, மாணவர் புத்தகமும் விடைக்குறிப்பும் ஒரே பதிப்புதானா என்று பாருங்கள். பதிப்பு மாறினால் வாக்கிய எண்கள் மாறும்; இரவு பதினோரு மணிக்கு அதைக் கண்டுபிடிப்பது எரிச்சல்.

உச்சரிப்பு இரண்டு வகை. பண்டைய ரோமர்களுடையது என்று மீட்டெடுத்தது ஒன்று, கத்தோலிக்கத் திருச்சபையினுடையது மற்றொன்று. வானத்துக்கான சொல் முன்னதில் 'கைலும்', பின்னதில் 'ச்சேலும்'. முன்னதில் 'வ' வருமிடத்தில் உதட்டைக் குவித்து 'உவ' போல ஒலிக்கவேண்டும். எது உயர்ந்தது என்ற சண்டையில் இறங்க வேண்டாம். ஆலயப் பாடற்குழுவில் பாடும் பிள்ளைக்குத் திருச்சபை வகை, பின்னாளில் கல்லூரியில் தொடரப்போகும் பிள்ளைக்கு ரோமர் வகை. முதலாண்டு ஒரு வகை, இரண்டாமாண்டு வேறு வகை என்று புத்தகம் மாற்றுவதுதான் கேடு. காதால் பதிந்த சொல்லைப் பிள்ளை புதுச்சொல் என்று நினைக்கும்.

இதைவிடக் கண்ணுக்குத் தெரியாத வலை, வேற்றுமை வரிசை. அமெரிக்கப் புத்தகங்கள் பெரும்பாலும் எழுவாய்க்கு அடுத்து ஜெனிட்டிவ், டேட்டிவ், அதன் பின் அக்யூசேட்டிவ், கடைசியில் அப்லேட்டிவ் என்று போகும். 'புவெல்ல' போன்ற சொல்லின் விகுதிகள் அந்த வரிசையில்: அ, ஐ, ஐ, அம், ஆ. பிரிட்டனில் 1866-இல் கென்னடி என்ற லத்தீன் அறிஞர் வெளியிட்ட இலக்கணத்துக்குப் பிறகு எழுவாய், விளி, அக்யூசேட்டிவ், ஜெனிட்டிவ், டேட்டிவ், அப்லேட்டிவ் என்ற வரிசை நிலைத்தது: அ, அ, அம், ஐ, ஐ, ஆ. வாய்ப்பாடுபோல் ராகம் போட்டு ஒப்பித்த பிள்ளைக்கு வரிசை மாறினால் எல்லாமே போய்விடும். அமெரிக்கப் புத்தகத்தோடு பிரிட்டிஷ் பயிற்சி நூலைச் சேர்த்து வாங்குமுன் இதைச் சரிபாருங்கள்.

இனிப் புத்தகங்கள். ஐந்திலிருந்து ஏழு வயதுக்கு, எழுதுகிற கை இன்னும் பழகாத பிள்ளைக்கு, 'சாங் ஸ்கூல் லத்தீன்' போதும். பாட்டும் சொற்களும்தான். இலக்கணம் எதிர்பார்த்து வாங்கினால் ஏமாற்றம்தான். 'பிரீமா லத்தீனா' 25 பாடம், ஒழுங்கான கட்டமைப்பு, பெற்றோர் லத்தீன் அறியாதவர் என்று வைத்தே எழுதியது. திருச்சபை உச்சரிப்பும் கிறிஸ்தவ ஜெபங்களும் அதில் உண்டு. வேறு சமய வீட்டில் அவற்றை ஒதுக்கிவிட்டு நடத்த முடியும். ஆனால் தெரிந்தே வாங்க வேண்டும்.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகம் 1999-இல் கொண்டுவந்த 'மினிமுஸ்' படக்கதை வடிவம். வட இங்கிலாந்தில் ஹேட்ரியன் சுவரருகே உள்ள விந்தோலாந்தா கோட்டையில் வாழ்ந்த ஒரு குடும்பமும் ஓர் எலியும் கதை மாந்தர். அந்தக் கோட்டை மண்ணில் கிடைத்த மரப்பலகைக் கடிதங்களில் ஒன்று, ஒரு பெண் தோழியைப் பிறந்தநாளுக்கு அழைத்து எழுதியது. அந்தத் தோழி லெபிதினாதான் கதையின் அம்மா. உண்மையான ஒரு வீட்டின் மொழி இது என்று பிள்ளைக்குப் புரியவைக்க இதைவிட நல்ல புத்தகம் இல்லை. ஆனால் இலக்கணப் பயிற்சி மெலிவு. ஆசிரியர் கையேட்டைத் தனியாக வாங்காமல் இதை நடத்துவது கடினம். மற்றொரு புத்தகத்தோடு வெள்ளிக்கிழமைப் பாடமாக வைப்பதே சரி.

ஒன்பது, பத்து வயதாகி ஆங்கிலம் சரளமாகப் படிக்கும் பிள்ளைக்கு வில்லியம் லின்னியின் 'கெட்டிங் ஸ்டார்ட்டட் வித் லத்தீன்' என் முதல் பரிந்துரை. ஒரு பாடத்துக்கு ஒரே ஒரு புதுச் செய்தி, உடனே மொழிபெயர்க்க வாக்கியங்கள், பின்னாலேயே விடைகள், இருவகை உச்சரிப்பிலும் இலவச ஒலிப்பதிவு. படம் இல்லை, பாட்டு இல்லை, பார்க்க வறட்சி. இருந்தாலும் பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து கற்கத் தோதானது. ஓர்பெர்கின் 'லிங்குவா லத்தீனா' முழுக்க லத்தீனிலேயே நடக்கும் அருமையான நூல். ஆனால் அது பெற்றோர் இரவில் தனக்காகப் படிக்க ஏற்றது. எட்டு வயதுக்கு அத்தியாயங்கள் சீக்கிரமே நீண்டுவிடும்.

எதை வாங்கினாலும் நாளுக்குப் பதினைந்து நிமிடம், வாரம் நான்கு நாள். சனிக்கிழமை ஒரு மணி நேரம் என்று சேர்த்துவைத்தால் அடுத்த சனிக்குள் ஆவியாகிவிடும். அந்தப் பதினைந்தில் மூன்று நிமிடம் ஒப்பித்தல், ஐந்து நிமிடம் பழைய சீட்டுகள், மீதி புதுப்பாடமும் வாக்கியமும். ஆறு வயதுக்கு வாரம் மூன்றிலிருந்து ஐந்து புதுச்சொல். ஒன்பது வயதுக்கு எட்டு, மிஞ்சினால் பத்து. சொற்சீட்டுகளை மூன்று டப்பாவில் போடுங்கள்: தினமும், வாரம் ஒருமுறை, மாதம் ஒருமுறை. தவறினால் சீட்டு முதல் டப்பாவுக்குத் திரும்பும்.

சீட்டில் என்ன எழுதுவது என்பதிலும் கவனம் வேண்டும். 'ரேக்ஸ், அரசன்' என்று மட்டும் எழுதினால் பின்னால் அழவேண்டி வரும். அரசனை என்பதற்கு 'ரேகெம்' வரும்போது 'ரேக்ஸ்' தெரிந்த பிள்ளை அதை அடையாளம் காணாது. 'ரேக்ஸ், ரேகிஸ்' என்று ஜெனிட்டிவையும் சேர்த்தே எழுதுங்கள். சொல்லின் அடி அதில்தான் இருக்கிறது. புத்தகம் முதலாண்டில் ஜெனிட்டிவைத் தராவிட்டால் அகராதியைப் பார்த்து நீங்களே எழுதிச் சேருங்கள்.

பெற்றோர் எப்போதும் மூன்று பாடம் முன்னே இருக்க வேண்டும். அந்த மூன்று ஒன்றாகக் குறைந்துவிட்டால் ஒரு வாரம் புதுப்பாடத்தை நிறுத்திவிட்டுச் சீட்டுகளை மட்டும் புரட்டுங்கள். 25 பாடத்தை ஓராண்டில் முடிக்க வேண்டும் என்று யாரும் கேட்கப்போவதில்லை. இரண்டாண்டு எடுத்தாலும் சரி. பிள்ளை மலைத்து நின்றால், முந்தின பாடத்து வாக்கியம் ஒன்றைச் செயப்படுபொருளோடு தொடங்கும்படி மாற்றி எழுதிக் கொடுத்துப் பாருங்கள். தடுமாறினால், புதுப்பாடத்தை விட்டுவிட்டுச் சிவப்புச் சீட்டை மறுபடி வெளியே எடுக்க வேண்டியதுதான்.