கூட்டுத் தொழிலில் எதை நம்பி விடலாம், எதை எழுதி வைக்க வேண்டும்?

கடலூரில் ஆடிட்டர் தொழில் செய்வதால் கூட்டுக் கணக்குகள் நிறைய என்னிடம் வருகின்றன. பண்ருட்டி முந்திரி, முதுநகர் மீன் வியாபாரம், மஞ்சக்குப்பம் துணிக்கடை என்று பலவிதம். பெரும்பாலும் மாமன் மச்சான், இல்லையென்றால் ஒன்றாகப் படித்தவர்கள். "எங்களுக்குள்ள எதுக்கு சார் பத்திரம்?" என்றுதான் ஆரம்பிப்பார்கள்.

எழுதாவிட்டால் வாயால் பேசியபடி நடக்கும் என்பது அவர்கள் நினைப்பு. தகராறு வந்து, பேசியதை நிரூபிக்க முடியாமல் போனால் 1932-ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம்தான் பேசும். ஒருவர் 10 லட்சமும் இன்னொருவர் 2 லட்சமும் போட்டிருந்தாலும் 13-ஆம் பிரிவுப்படி லாபமும் நட்டமும் சரிசமம். காலையிலிருந்து ராத்திரி வரை கடையைப் பார்த்துக்கொள்பவருக்குச் சம்பளம் கேட்கும் உரிமை கிடையாது. எழுதியபின் கூட்டு நிறுவனத்தை மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யாமல் விட்டால் அது இன்னொரு சிக்கல்: பாக்கி வைத்த வியாபாரி மேல் நிறுவனம் வழக்குப் போடுவதை 69-ஆம் பிரிவு தடுத்துவிடும். உங்கள் மேல் அவர் வழக்குப் போடத் தடையில்லை.

எழுதியவர்களும் கோட்டைவிடும் இடம் செக் புத்தகம். இருவர் கையெழுத்து வேண்டும் என்று வங்கியில் கொடுத்துவிட்டு, வெளியூரில் இருக்கும் பார்ட்னர் எல்லாத் தாளிலும் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு வைத்துவிடுவார். ஒரு முந்திரிக் கூட்டில் அப்படி ஒரு புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். தொகை, தேதி, பெயர் எல்லாம் காலி; கீழே மட்டும் ஒரே பேனாவில் வரிசையாகக் கையெழுத்து. சீசனில் தொழிலைப் பார்த்தவர் அவற்றைக் கொட்டை விற்றவர்களிடம் உத்தரவாதமாகக் கொடுத்திருந்தார். ஏமாற்றும் எண்ணம் இல்லை, பருப்பு விலை ஏறும் என்று நம்பினார். விலை இறங்கியது. செக்குகள் திரும்பின. வழக்கு இருவர் மேலும் வந்தது.

இதைக் கேட்டுப் பயந்து எல்லாவற்றையும் பூட்டுவதும் தப்பு. இன்னொரு கூட்டில் ஐந்நூறு ரூபாய் ஏற்றுக்கூலிக்குக்கூட வாட்ஸ்அப்பில் அனுமதி கேட்க வைத்தார்கள். விவசாயிகளைப் பழகி வைத்திருந்த பார்ட்னர் மனம் நொந்து விலகினார். அவரோடு சரக்கு கொடுத்தவர்களும் போனார்கள்.

என் அனுபவத்தில் பூட்ட வேண்டியவை நான்குதான்: வங்கி, கடன், சொந்தச் செலவுக்கு எடுக்கும் பணம், விலகும் முறை. கொள்முதல் விலை, ஆள் வைப்பது, தினசரிச் செலவு எல்லாம் களத்தில் இருப்பவரிடம் விட்டுவிடுங்கள். குறிப்பிட்ட தொகைக்கு மேல் போனால் மட்டும் இருவர் ஒப்புதல். நெட் பேங்கிங்கிலும் ஒருவர் பதிவு செய்ய, மற்றவர் அனுமதிக்கும் வசதி உண்டு. கடனில் மட்டும் தாட்சண்யமே கூடாது. தொழிலுக்காக ஒருவர் வாங்கிய கடனை, கொடுத்தவர் இன்னொருவரிடமே முழுசாகக் கேட்க 25-ஆம் பிரிவு வழி விடுகிறது.

அப்புறம் மாதம் ஒருமுறை பாஸ்புக், இருப்பு, பாக்கி மூன்றையும் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். கணக்கைப் பார்ப்பது ஒவ்வொரு பங்குதாரருக்கும் 12-ஆம் பிரிவு தரும் உரிமை. கேட்பவர் கூச வேண்டாம், காட்டுபவர் கோபப்படவும் வேண்டாம்.

இறப்பைப் பற்றி எழுத மட்டும் எல்லாரும் தயங்குகிறார்கள், அபசகுனமாம். ஒப்பந்தத்தில் வேறு ஏற்பாடு இல்லையென்றால் ஒருவர் இறந்ததும் கூட்டே கலைந்துவிடும் என்கிறது 42-ஆம் பிரிவு. அவர் பங்கை எப்படி மதிப்பிடுவது, குடும்பத்துக்கு எத்தனை தவணையில் கொடுப்பது என்ற இரண்டு வரிகளாவது இல்லாமல் நான் எந்த ஒப்பந்தத்தையும் முடித்துக் கொடுப்பதில்லை.