சொல் விளக்கம்: மனித மேம்பாட்டுக்கான கத்தோலிக்க இயக்கம்

அமெரிக்கக் கத்தோலிக்கப் பங்குக் கோயில்களில் நவம்பர் மாதத்தில் ஒரு ஞாயிறு, பெரும்பாலும் நன்றி நவிலல் நாளுக்கு முந்திய ஞாயிறு, வழக்கமான காணிக்கை போக இன்னொரு காணிக்கையும் எடுப்பார்கள். அதன் பெயர் 'கத்தோலிக் கேம்பெய்ன் ஃபார் ஹ்யூமன் டெவலப்மென்ட்'. சேரும் பணத்தில் கால்பங்கு அந்தந்த மறைமாவட்டத்திலேயே (ஓர் ஆயரின், அதாவது பிஷப்பின், பொறுப்பில் உள்ள பகுதி) தங்கி, உள்ளூர் அமைப்புகளுக்குப் போகிறது. மற்றது ஆயர்களின் தேசிய அமைப்பான ஆயர் பேரவை வழியாக நாடெங்கும் உள்ள ஏழைகளின் அமைப்புகளுக்கு. இதை 'மனித வளர்ச்சிப் பிரச்சாரம்' என்று எழுதினால் இரண்டு சொல்லுமே பொருந்துவதில்லை.

முதலில் கேம்பெய்ன். லத்தீனில் 'காம்புஸ்' என்றால் சமவெளி. குளிர்காலத்தில் முகாமில் அடைந்து கிடந்த படைகள் கோடை வந்ததும் வெளிக்குக் கிளம்பும். அந்தப் பருவத்துப் படை நடவடிக்கைக்கு பிரெஞ்சு வழியாக இந்தப் பெயர் வந்தது. தேர்தல் வேலைக்கும் நிதி திரட்டலுக்கும் அது பரவியது பின்னாளில். வாக்குக் கேட்டுப் பேசுவதற்குப் 'பிரச்சாரம்' அல்லது 'பரப்புரை' சரியான சொல். இங்கே நடப்பது பேச்சு அன்று. பலர் சேர்ந்து ஆண்டுக்கணக்கில் செய்யும் வேலை. ஆகவே 'இயக்கம்'.

இந்தப் பெயருக்கு முன்பு இன்னொரு பெயர் இருந்தது. 1969 நவம்பரில் ஆயர்கள் தீர்மானம் போட்டபோது அதை வறுமைக்கு எதிரான 'க்ரூசேட்' என்றார்கள். சிலுவையைக் குறிக்கும் லத்தீன் சொல்லான 'க்ருக்ஸ்' அதன் வேர். தமிழில் சிலுவைப் போர். அந்தப் பெயர் நிலைக்கவில்லை. முதல் காணிக்கை 1970இல் எடுக்கப்பட்டது. 'கத்தோலிக்க' என்ற அடைமொழி 1998இல்தான் சேர்ந்தது.

ஆனால் தீர்மானத்தின் உள்ளடக்கம் மாறவில்லை. ஏழைகள், வெள்ளையராயினும் சிறுபான்மையினராயினும், அமைப்பாகத் திரண்டு தங்கள் பகுதியிலேயே பொருளாதார வலிமையும் அரசியல் வலிமையும் பெற வேண்டும், அதற்குத்தான் நிதி. சோறு போடுவதற்கும் கம்பளி கொடுப்பதற்கும் திருஅவையில் வேறு அமைப்புகள் உண்டு. இந்தப் பணம் கூலி, வாடகை, கடன் வட்டி என்று வறுமையை உண்டாக்கும் காரணங்களை எதிர்க்கிற குழுக்களுக்கும், தொழிலாளர் கூட்டுறவுகளுக்கும் போகிறது. முடிவெடுக்கும் இடத்தில் ஏழைகளே இருக்க வேண்டும் என்ற நிபந்தனைதான் இதில் என்னை மிகவும் கவர்ந்தது. எஃகு ஆலைகள் மூடப்பட்ட சிகாகோ தென்பகுதியில், 1980களில் இளைஞரான பராக் ஒபாமா வேலை பார்த்த மக்கள் அமைப்புக்கும் இந்த நிதி கிடைத்தது. நேரடியாக உதவும் பிறரன்புப் பணி ஒரு பாதம், வறுமையின் காரணங்களை மாற்றும் நீதிப் பணி மற்றொரு பாதம் என்று ஆயர்கள் விளக்குவார்கள்.

இனி டெவலப்மென்ட். பழைய பிரெஞ்சில் இதற்குச் சுற்றியிருப்பதை அவிழ்ப்பது என்று பொருள். உள்ளே ஏற்கெனவே இருப்பதுதான் வெளிப்படுகிறது. நம் 'வளர்ச்சி' மரத்துக்கும் பொருந்தும், கடனுக்கும் பொருந்தும். அளவு கூடினால் போதும். 'மேம்படு' என்ற வினையிலிருந்து வந்த 'மேம்பாடு' தரத்தைப் பேசுகிறது. திருத்தந்தை ஆறாம் பவுல் 1967இல் மக்களின் முன்னேற்றம் பற்றி எழுதிய சுற்றுமடலில், வளர்ச்சி என்பது வெறும் பொருளாதாரப் பெருக்கமாகச் சுருங்கிவிடாது, முழு மனிதருக்கும் எல்லா மனிதருக்கும் உரியது என்றார். அந்தப் பொருளைத் தாங்குவது மேம்பாடுதான்.

எனவே 'மனித மேம்பாட்டுக்கான கத்தோலிக்க இயக்கம்'. அதற்குத் திரட்டுவது 'சிறப்புக் காணிக்கை'. பங்கு அறிவிப்புகளில் இதை 'ஏழைகளுக்கான தருமம்' என்று மட்டும் எழுதிவிட வேண்டாம். பெறுகிறவர்கள் கைநீட்டி நிற்பவர்கள் அல்லர், திட்டம் தீட்டி விண்ணப்பித்தவர்கள்.