கப்பல் தரைதட்டியது, பெயர் தங்கிவிட்டது

1657-ன் தொடக்கத்தில் அமெரிக்காவின் பொட்டோமாக் ஆற்றில் 'சீ ஹார்ஸ்' என்ற லண்டன் கப்பல் தரைதட்டியது. ஏற்றியிருந்த புகையிலை தண்ணீரில் வீணாய்ப் போனது. கப்பலை ஒருவழியாக மிதக்கவைத்துவிட்டார்கள். ஆனால் அதில் வேலை பார்த்த இளைஞர் ஜான் வாஷிங்டனுக்கு ஊர் திரும்ப மனமில்லை, வர்ஜீனியாவிலேயே தங்கிவிட்டார். அவருடைய கொள்ளுப்பேரன்தான் ஜார்ஜ் வாஷிங்டன்.

அந்தப் பெயர் இவர்களுக்கு வந்த விதம் இன்னும் சுவையானது. 1066-ல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடிக்கும்வரை அங்கே பெரும்பாலோருக்கு ஒற்றைப் பெயர்தான். பிறகு ஊருக்குப் பத்து வில்லியம், பத்து ஜான் என்று ஆகிவிட, நிலக்கணக்கு எழுதுபவர்களுக்குத் தலைவலி. அடையாளம் சொல்ல ஒட்டுப்பெயர்கள் வந்தன. கொல்லன் ஸ்மித் ஆனான். ஜானின் மகன் ஜான்சன். சிலருக்குப் பட்டப்பெயரே நிலைத்தது. ஊர்ப்பெயர் மட்டும் கொஞ்சம் வினோதமானது. ஊரிலேயே இருப்பவனை அந்த ஊர்ப்பெயரால் யாரும் கூப்பிட மாட்டார்கள். வெளியூர் போனால்தான் அது ஒட்டும்.

நிலக்கிழார்களின் கதை வேறு. அவர்களுக்குப் பெயர் என்பது ஏறக்குறைய பட்டா மாதிரி. வடகிழக்கு இங்கிலாந்தில் ஹார்ட்பர்ன் நிலத்தை வைத்திருந்தவர் வில்லியம் டி ஹெர்ட்பர்ன். 'டி' என்றால் 'அந்த ஊர்க்காரர்'. அவர் டர்ஹம் ஆயரிடம் (பிஷப்) அந்த நிலத்தைக் கொடுத்து, மாற்றாக வாஷிங்டன் என்ற ஊரைப் பெற்றுக்கொண்டார். 1183-ல் ஆயர் எடுத்த நிலக்கணக்கில் அந்த ஊர் அவர் கையில் இருக்கிறது. நிலம் மாறியதும் பெயரும் மாறியது. ஹ்வாசா என்பது போன்ற பெயருடைய ஏதோ ஒரு பழைய ஆங்கிலேயனின் பண்ணை என்பதுதான் அந்த ஊர்ப்பெயரின் பொருள். ஆயர் அந்த மாற்றுக்குச் சம்மதிக்காமல் இருந்திருந்தால் அமெரிக்கத் தலைநகரை இன்று ஹார்ட்பர்ன் என்று அழைத்துக்கொண்டிருப்போம்.

அதன்பின் பெயர் உறைந்துபோனது. 15-ம் நூற்றாண்டுக்குள் பெரும்பாலான ஆங்கிலக் குடும்பங்களில் ஒட்டுப்பெயர் பரம்பரைச் சொத்தாகிவிட்டது. இருப்பிடம் மாறினாலும் பெயர் மாறாது. வாஷிங்டன்களில் ஒரு கிளை லங்காஷயரின் வார்ட்டனுக்கும், அங்கிருந்து நார்தாம்ப்டனுக்கும் நகர்ந்தது. கம்பளி வியாபாரத்தில் பணம் பார்த்த லாரன்ஸ் வாஷிங்டன், மன்னர் எட்டாம் ஹென்றி கிறிஸ்தவ மடங்களின் சொத்துகளைப் பறித்து விற்றபோது, 1539-ல் சல்கிரேவ் பண்ணையை வாங்கிப்போட்டார். குடும்பத்தின் மரபுச் சின்னம் இரண்டு பட்டைகள், மூன்று நட்சத்திரங்கள். இன்றைய வாஷிங்டன் நகரக் கொடியில் இருப்பதும் அதுவேதான்.

அவ்வளவு வசதியான வீட்டுப் பிள்ளை எதற்குக் கடல் கடக்க வேண்டும்? ஜானின் தந்தை எஸ்ஸெக்ஸில் பாதிரியார், மன்னர் கட்சி. மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போரின்போது, 1643-ல், குடிகாரர் என்று குற்றம்சாட்டி, நாடாளுமன்றத்தின் பக்கம் நின்ற கடும் சமயக் கட்டுப்பாட்டுக்காரர்களான பியூரிட்டன்கள் அவரைப் பதவியிலிருந்து தூக்கினார்கள். குடும்பம் நொடித்தது. ஜானுக்குக் கப்பல்தான் பிழைப்பு.

வர்ஜீனியாவில் ஆன் போப்பை மணந்தபோது மாமனார் 700 ஏக்கர் தந்தார். போதாததற்கு, ஒரு ஆளைச் செலவு செய்து குடியேற்றினால் தலைக்கு 50 ஏக்கர் என்பது அந்தக் காலனியின் சட்டம்; நிலம் பெருகியது. 1659-ல் ஜான் எழுதிய கடிதம் ஒன்று உண்டு. தான் வந்த கப்பலின் வணிகர் பிரெஸ்காட், நடுக்கடலில் ஒரு பெண்ணைச் சூனியக்காரி என்று தூக்கிலிட்டுவிட்டதாக வழக்கு, குற்றம்சாட்டியதே ஜான்தான். ஆனால் விசாரணைக்கு வர முடியாது என்கிறார்: அந்தச் சமயத்தில் மகனுக்கு ஞானஸ்நானம், எல்லோரையும் அழைத்தாயிற்று. சாட்சி சொல்ல ஆளில்லை, பிரெஸ்காட் விடுதலை. எனக்கென்னவோ, ஒரு குடியேறி வேர்விட்டுவிட்டார் என்பதற்கு நிலப் பத்திரத்தைவிட இந்தக் கடிதமே நல்ல சான்று.

இங்கே உயிரியல் நுழைகிறது. ஆண்களிடம் மட்டும் இருக்கும் மரபிழையான ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்கு ஏறக்குறைய மாறாமல் போகிறது. ஆங்கிலக் குடும்பப் பெயரும் அதே தடத்தில்தான் போகும். லெஸ்டர் பல்கலைக்கழகத்தினர் 40 குடும்பப் பெயர்களை எடுத்துச் சோதித்து, 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். அட்டன்பரோ போன்ற அரிய பெயர்க்காரர்களில் பெரும்பாலோரின் ஒய் ஒரே மூதாதையைக் காட்டியது. ஸ்மித்களிடம் அந்த ஒற்றுமை இல்லை. ஊர்தோறும் ஒரு கொல்லன் இருந்தால் எப்படி இருக்கும்? தத்து, தாயின் பெயரை ஏற்பது, மணஉறவுக்கு வெளியே பிறப்பது என்று இழை அறுகிற இடங்களும் உண்டு.

வாஷிங்டன் என்ற பெயரில் அறுந்தது வேறு வகை. ஜார்ஜுக்குச் சொந்தக் குழந்தைகள் இல்லை. 2000-ம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கில் இந்தப் பெயருடையவர்கள் 1,63,036 பேர். அவர்களில் சுமார் 90 சதவீதம் கறுப்பினத்தவர். அடிமை முறை ஒழிந்த பிறகு, விடுதலை பெற்றவர்கள் பலர் தங்களுக்கென்று ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்துகொண்டார்கள். அது முன்னாள் எஜமானனின் பெயராகவே இருக்க வேண்டும் என்றில்லை.

வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்து, பிற்காலத்தில் கல்வியாளராகப் புகழ்பெற்ற புக்கர் என்ற சிறுவன் முதன்முதலாகப் பள்ளிக்குப் போனான். வருகைப் பதிவின்போது மற்ற பிள்ளைகளுக்கெல்லாம் இரண்டு பெயர், தனக்கு ஒன்றே ஒன்று என்பதைக் கவனித்தான். அவனுடைய மாற்றாந்தந்தை பெயர் வாஷிங்டன் ஃபெர்கூசன். ஆசிரியர் முழுப் பெயர் கேட்டதும், பிறந்ததிலிருந்தே அப்படித்தான் அழைக்கப்பட்டவன்போல, அமைதியாகச் சொன்னான்: "புக்கர் வாஷிங்டன்."