சாம்பல் நிற வேலை வெற்றியா, தோல்வியா?

ஒலுவில் கம்பஸில் படிக்கும் ஒரு மாணவர் படத்தோடு ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். மூன்று மொழிகளில் இயங்கும் சிறிய செயலி ஒன்று செய்கிறாராம். நிரலை மாற்றி அனுப்பும்போதெல்லாம் வேலைகளைத் தானாக ஓட்டும் கிட்ஹப் ஆக்ஷன்ஸில் பில்ட் (நிரலைக் கட்டுவது), டெஸ்ட் (சோதிப்பது), டிப்ளோய் (பயன்பாட்டுக்கு ஏற்றுவது) என்று மூன்று வேலைகள். தமிழ் வாசகத்தில் ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தி அனுப்பியிருக்கிறார். நிரலில் மாற்றம் இல்லாததால் பில்ட் தவிர்க்கப்பட்டது, சாம்பல் நிறம். டெஸ்ட் ஓடியது, பச்சை. டெஸ்டை மட்டுமே எதிர்பார்த்து நிற்கும் டிப்ளோயும் சாம்பல். “டெஸ்ட் பாஸ்தானே, பிறகு ஏன் டிப்ளோய் ஓடவில்லை?” என்று கேட்கிறார்.

அடிப்படையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு நிரல் முடியும்போது ஓர் எண்ணை விட்டுச் செல்லும். 0 என்றால் வெற்றி, வேறு எதுவானாலும் தோல்வி. வேலைகளில் எதற்குப் பின் எது என்று அம்புக்குறி போட்டால் சுழற்சி இல்லாத ஒரு வரைபடம் கிடைக்கும். அதை வரிசைப்படுத்தும் வழியை ஆர்தர் கான் என்பவர் 1962இலேயே எழுதிவிட்டார். பெல் ஆய்வுகூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976இல் செய்த ‘மேக்’ கருவி, மாறிய கோப்புகளைச் சார்ந்தவற்றை மட்டும் திரும்பக் கட்டியது. தேவையில்லாததை ஓட்டாதே என்பது அப்போதிருந்தே உள்ள ஆசை. இலவசக் கணக்கின் தனியார் களஞ்சியங்களுக்கு (நிரல் சேமிக்கும் இடங்களுக்கு) இந்த வேலைகளை ஓட்ட கிட்ஹப் தருவது மாதம் 2000 நிமிடங்கள். காசில்லாமல் செயலி செய்யும் நம் பிள்ளைகளுக்கு அந்த ஆசையில் நல்ல நியாயம் இருக்கிறது.

சிக்கல், தவிர்த்தல் என்ற மூன்றாவது நிலையில்தான். அம்பாறைப் பக்கத்து வட்டைகளில், அதாவது வயல்வெளிகளில், சிறுபோகத்தில் இதைப் பார்க்கலாம். வாய்க்கால் உடைந்து தண்ணீர் வராமல் போவது ஒன்று. குளத்தில் நீர் காணாது, இந்தக் கண்டத்தில் இம்முறை செய்கை இல்லை என்று ஆரம்பக் கூட்டத்தில் முடிவாகி, தண்ணீரைப் பங்கிடும் வட்டை விதானை மதகைத் திறக்காமல் விடுவது இன்னொன்று. முதலாவது பழுது, இரண்டாவது முடிவு. கீழே உள்ள வயலுக்கு இரண்டும் ஒன்றுதான். கிட்ஹப்பிலும் மேலே உள்ள வேலை தோற்றாலும் தவிர்க்கப்பட்டாலும், கீழே உள்ளது தவிர்க்கப்படும்.

சரி, ஆனால் டெஸ்ட் பச்சையாயிற்றே? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ஒவ்வொரு வேலையின் ‘இஃப்’ நிபந்தனையிலும், நாம் எழுதாமலே, ‘சக்சஸ்’ என்ற சோதனை ஒளிந்திருக்கிறது. “மெயின் கிளையாக இருந்தால்” என்று நாம் எழுதினால், “முன்னவை வென்று, மெயின் கிளையாகவும் இருந்தால்” என்று கிட்ஹப் வாசித்துக்கொள்கிறது. ஆல்வேஸ் (எப்போதும்), ஃபெயிலியர் (தோற்றால்), கேன்சல்ட் (ரத்தானால்) போன்ற நிலைச் சொல் ஒன்றை நாமே எழுதினால்தான் அந்த ஒளிந்த சோதனை விலகும். இந்தச் சக்சஸ் பக்கத்து வேலையை மட்டும் பார்ப்பதில்லை. டெஸ்ட், அதற்கு முந்திய பில்ட், அதற்கும் முந்தியது இருந்தால் அதுவும் என்று வேர் வரை போய்ப் பார்க்கிறது. மாணவர் டெஸ்டுக்கு ஆல்வேஸ் போட்டிருந்தார். அதனால் அது ஓடியது. டிப்ளோய்க்கு ஒன்றும் போடவில்லை. அதன் ஒளிந்த சோதனை டெஸ்டைத் தாண்டிப் போய் பில்டின் சாம்பலில் முட்டி நின்றுவிட்டது. நடுவில் இருந்த பச்சை அதற்கு ஒரு பொருட்டே இல்லை. எரிச்சலாக இருக்கும், ஆனால் டிப்ளோய் கையில் எடுப்பது இரண்டு படி முன்னால் பில்ட் செய்த பொருளாக இருக்கலாமே. கண்ணை மூடிக்கொண்டு ஏற்றுவதைவிட நிற்பது மேல்.

இதற்கு இணையத்தில் பலர் சொல்லும் மருந்து, டிப்ளோய்க்கும் ஆல்வேஸ் போடு என்பது. இதை நான் மூடநம்பிக்கை என்றே சொல்வேன். ஆல்வேஸ் என்றால் டெஸ்ட் தோற்றாலும் ஓடும், நீங்கள் ரத்துச் செய்தாலும் ஓடும். எழுத வேண்டியது வேறு: ரத்தாகவில்லை, டெஸ்டின் விளைவு சக்சஸ், பில்டின் விளைவு ஃபெயிலியர் இல்லை. மூன்றும் சேர்ந்தால் ஓடு. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஒரு வேலை எவற்றுக்காகக் காத்திருக்க வேண்டும் என்று எழுதும் ‘நீட்ஸ்’ பட்டியலில் நேரடியாகப் பெயர் சொன்ன வேலைகளின் விளைவை மட்டுமே நிபந்தனைக்குள் எடுக்க முடியும். ஆகவே டிப்ளோயின் நீட்ஸில் டெஸ்டோடு பில்டையும் எழுத வேண்டும்.

அப்புறம், இதே சாம்பலுக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. புல் ரிக்வெஸ்ட் (என் மாற்றத்தை முதன்மை நிரலில் சேருங்கள் என்ற வேண்டுகோள்) ஒன்றை இணைக்க டெஸ்ட் கட்டாயம் என்று வைத்திருக்கிறீர்கள். பில்ட் தோற்று, அதனால் ஆல்வேஸ் போடாத டெஸ்ட் தவிர்க்கப்பட்டால் என்ன ஆகும்? தவிர்க்கப்பட்ட வேலையை இணைப்பு வாசல் வெற்றியாக எண்ணிக்கொள்ளும். கீழே உள்ள வேலைக்கு வெற்றியல்லாத அதே நிலை, வாசலுக்கு வெற்றி! பில்ட் கட்டாயப் பட்டியலில் இல்லாவிட்டால் உடைந்த நிரலே உள்ளே போய்விடும். கடைசியில் ஒரு காவல் வேலை வைத்து, எல்லாவற்றையும் அதன் நீட்ஸில் எழுதி, ஒன்றாவது தோற்றிருந்தால் தானும் தோற்கும்படி செய்து, அதை மட்டும் கட்டாயமாக்குவது நல்லது. ஆல்வேஸ் உண்மையில் பொருந்தும் இடம் இந்தக் காவல் வேலைதான்.

கிட்ஹப் போன்ற இன்னொரு தளமான கிட்லாப் இங்கே வேறு வழி பிடித்திருக்கிறது. நிபந்தனையால் விடுபட்ட ஒரு வேலையை இன்னொன்று நீட்ஸில் கேட்டால், அது ஆப்ஷனல் என்று குறித்திராவிட்டால், பைப்லைனையே (வேலைகளின் முழுத் தொடரையே) தொடங்காமல் பிழை சொல்லிவிடும். எனக்கு அந்த முரட்டுத்தனம் பிடித்திருக்கிறது.