"பேக்கப் இருக்கு சார்"

பல்கலைக்கழகங்களின் பழைய ஆவணங்களைக் கணினியில் ஏற்றித் தருவது என் பிழைப்பு. எந்தத் தேர்வுப் பிரிவுக்குப் போனாலும் முதலில் கேட்பது, பேக்கப், அதாவது தரவின் மாற்றுப் பிரதி, இருக்கிறதா என்று. "இருக்கு சார்" என்பார்கள், உடனே. கடைசியாக எப்போது அதிலிருந்து ஒரு ஃபைலைத் திறந்து பார்த்தீர்கள் என்று கேட்டால், ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

ஓர் இடத்தில் 1980களின் மதிப்பெண் பதிவேடுகளை ஸ்கேன் செய்து எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் ஒன்றில் போட்டு, மஞ்சள் பையில் சுற்றி பீரோவில் பூட்டியிருந்தார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் பட்டத்துக்கு உண்மைத்தன்மைச் சான்று கேட்டுக் கடிதம் வந்தது. டிஸ்க்கைச் செருகினோம். டிக், டிக் என்ற சத்தத்தைத் தவிர ஒன்றும் வரவில்லை. வைத்த நாளிலிருந்து யாரும் அதைத் தொட்டதே இல்லையாம். ஸ்கேன்தான் ஆகிவிட்டதே, பதிவேடுகளைக் கழித்துவிடலாம் என்று குறிப்பு எழுதியும், பதிவறை எழுத்தர் ஏதோ சாக்குச் சொல்லிக் கோப்பைத் தள்ளிப்போட்டிருந்தார். அவர் சோம்பல் வாழ்க! கரையான் தின்றது போக மிஞ்சிய பக்கத்தில் அந்தப் பதிவெண் இருந்தது.

பணக்காரப் பல்கலைக்கழகங்களும் இதில் தப்பவில்லை. 2021 டிசம்பரில் ஜப்பானின் கியோத்தோ பல்கலைக்கழக சூப்பர் கம்ப்யூட்டரில் சுமார் 77 டெராபைட் ஆய்வுத் தரவு அழிந்தது, ஏறக்குறைய 3.4 கோடி ஃபைல்கள். ஹேக்கர் வேலை இல்லை. பேக்கப் எடுக்கும் ஸ்கிரிப்ட் (கணினிக்கான கட்டளைத் தொகுப்பு) ஓடிக்கொண்டிருக்கும்போதே அதைத் திருத்தியிருக்கிறார்கள். பழைய லாக்குகளை, அதாவது கணினி தன் வேலையைக் குறித்துவைக்கும் பதிவுகளை, அழிக்க வேண்டியது, ஆய்வு ஃபைல்களை அழித்துவிட்டது. பாதிக்கப்பட்ட 14 குழுக்களில் 4 குழுக்களின் தரவு திரும்பவே இல்லை.

நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்தில் 2019 டிசம்பரில் ரான்சம்வேர், அதாவது ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் நிரல், புகுந்தது. சில பேக்கப் சர்வர்களும் அதே நெட்வொர்க்கில் இருந்ததால் அவையும் பூட்டிக்கொண்டன. கடைசியில் 30 பிட்காயின் கொடுத்துத்தான் மீண்டார்கள்.

நம் ஊரில் பேக்கப் பெட்டி பெரும்பாலும் சர்வருக்கு மேலேயே உட்கார்ந்திருக்கும். ஒரே அறை, ஒரே மின்சாரம், ஒரே பாஸ்வேர்டு. இருக்க வேண்டியதோ மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்றாவது வேறு கட்டடத்தில், இணைப்பு கழற்றி. இதைச் சொன்னால் தலையாட்டுவார்கள். அதைவிட எனக்குப் பயம் தருவது டெண்டர். ரிசல்ட் போடும் ஏஜென்சி மாறும்போது பழையவர் ஒரு டிவிடியைக் கொடுத்துவிட்டுப் போவார். அதைத் திறக்கும் மென்பொருள் அவரிடம் மட்டும்தான் இருக்கும். யாருக்கும் திறக்கும் வடிவத்தில் தரவைத் திருப்பித் தரவேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி சேர்க்கச் சொல்லி இப்போது அடம்பிடிக்கிறேன்.

மஞ்சள் பையில் டிஸ்க் வைத்திருந்த அந்தத் தேர்வுப் பிரிவில் இப்போது ஒரு நீள நோட்டு இருக்கிறது. மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு பதிவெண்ணைச் சொல்லி, அதை பேக்கப்பிலிருந்து மட்டும் எடுக்க வேண்டும். தேதி, எடுத்த நேரம், கையெழுத்து. முதல் பக்கத்தில் மூன்று வரி தொடர்ந்து சிவப்பு மையில், "திறக்கவில்லை".