உதைக்கிற காலை விடுங்கள், ஊன்றிய காலைப் பாருங்கள்

பிரேசிலின் சண்டைக் கலையான கபோயிரா பழகுகிறவர்கள் என்னிடம் பிசியோதெரபிக்கு வந்தால் பெரும்பாலும் ஒரே உதையைத்தான் குற்றம் சொல்வார்கள். மேயா லுவா டி கொம்பாசோ. எதிராளிக்கு முதுகைக் காட்டித் திரும்பி, இடுப்பை மடித்துக் குனிந்து, கையைத் தரையில் ஊன்றி, பின்னங்காலை நீட்டிச் சுழற்றிக் குதிகாலால் தலைக்குக் குறிவைக்கும் உதை அது. பார்ப்பவர்களின் கண் சுழல்கிற காலில்தான் இருக்கும். ஆடுகிறவரின் கவனமும் அங்கேதான். வலியோடு என் முன்னால் வந்து உட்காரும்போது மட்டும், பிடித்துக்கொண்டிருப்பது மற்ற காலாக இருக்கும்.

இந்தக் கலையின் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், காரணம் இருக்கிறது. பிரேசிலுக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களிடையே உருவான ஆட்டம் இது. தென் அங்கோலாவின் எங்கோலோ ஆட்டத்திலும் கையூன்றித் தலைகீழாக உதைக்கும் அசைவுகள் உண்டு. வேர் அங்கேதான் என்று சொல்லும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். 1888இல் பிரேசிலில் அடிமைமுறை ஒழிந்தது. இரண்டே ஆண்டில், 1890இன் குற்றவியல் சட்டம் தெருவில் கபோயிரா ஆடினால் இரண்டு முதல் ஆறு மாதம் சிறை என்றது. அதையெல்லாம் தாண்டி, 1930களில் பஹியா மாநிலத்தின் சல்வடோர் நகரில் மெஸ்த்ரே பிம்பா பள்ளி தொடங்கினார் (மெஸ்த்ரே என்றால் ஆசான்). 1937இல் அதற்கு அரசு அங்கீகாரம் கிடைத்தது. 1941இல் மெஸ்த்ரே பஸ்தீன்யா, அங்கோலா என்ற பழைய பாணி ஆட்ட வகைக்கென்று தனி மையம் அமைத்தார். 2014இல் யுனெஸ்கோ, சுற்றி நிற்பவர்கள் பாட நடுவில் இருவர் ஆடும் கபோயிரா வட்டத்தை மானுடப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

காரணம் என்றேனே, அது பிம்பாவின் பாடமுறை. இருவர் இருவராகப் பழகும் தொடர்களாக அவர் அதை வகுத்தார். ஒருவர் உதைத்தால் மற்றவர் குந்தியோ சரிந்தோ தப்பிக்க வேண்டும். தாக்குதலும் தப்பித்தலும் சேர்ந்தே வரும். இன்று காணொளி பார்த்துக் கற்கிறவர் உதையை மட்டும் பிய்த்து எடுத்துக்கொள்கிறார். 2009இல் மார்க்குஸ் 'லேலோ' ஆவுரேலியோ என்ற கபோயிரா வீரர், கலப்புச் சண்டைப் போட்டியில் இந்த உதையால் எதிராளியைச் சாய்த்த காட்சி இணையத்தில் இன்னும் சுற்றுகிறது. அதைப் பார்த்துவிட்டு மொட்டை மாடியில் அன்றைக்கே முயற்சி செய்கிறவர்கள்தான் என் முதல் கவலை. ஆரோவில் போன்ற இடங்களில் ஆசிரியரிடம் முறையாகப் பழகுகிறவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல அதிகம் இல்லை. அவர்களும் கீழே வரும் தரை, செருப்பு விஷயத்தை மட்டும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

சரி, முழங்காலுக்கு வருவோம்.

வலது காலால் உதைப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முழு உடம்பும் இடது காலின் மேல் வலப்பக்கமாகச் சுழல்கிறது. இடது பாதம் முன்பாதத்தில் நின்று, குதிகால் லேசாகத் தூக்கி, உடம்போடு சேர்ந்து திரும்பினால் சிக்கல் இல்லை. குதிகால் தரையில் ஒட்டிக்கொண்டால் கதை வேறு. பாதமும் கீழ்க்காலும் நின்ற இடத்தில் நிற்க, இடுப்பு தொடையெலும்பை இழுத்துக்கொண்டு திரும்பும். இடுப்பு மூட்டு தன்னால் முடிந்தவரை விட்டுக்கொடுக்கும். அது தீர்ந்த பிறகு மிச்சத் திருகல் முழுவதும் முழங்காலில் இறங்கும். முழங்காலோ மடக்கி நீட்டுவதற்கென்று அமைந்த மூட்டு, திருகுவதற்கு அதில் கொஞ்சம்தான் இடம். லேசாக மடங்கிய நிலையில், உடல் எடை முழுதும் ஏறியிருக்கும்போது திருகினால் மூட்டுக்குள் மெத்தைபோல் இருக்கும் குருத்தெலும்பான மெனிஸ்கஸ் உள்பக்கத்தில் நசுங்கிக் கிழியலாம், முன்புற லிகமென்டான ஏசிஎல் அறுந்துபோகலாம். நாம் ஜவ்வு என்று பொதுவாகச் சொல்வது இவற்றைத்தான்.

வருகிறவர்களிடம் நான் முதலில் செய்வது உள்ளங்காலைத் திருப்பிப் பார்ப்பதுதான். வெறுங்காலில் பல மாதம் ஆடியவருக்கு, பெருவிரலுக்குக் கீழே முன்பாதத்தில் தோல் காய்த்து மஞ்சள் பாய்ந்திருக்கும். அவர் சரியான இடத்தில் சுழல்கிறார் என்பதற்கு அதுவே நல்ல அடையாளம். முன்பாதம் மெத்தென்று இருந்து, குதிகாலின் வெளிவிளிம்பு உரசிச் சிவந்திருந்தால் எனக்குப் பாதி விஷயம் புரிந்துவிடும். அப்புறம் அதே உதையை மெதுவாகச் செய்துகாட்டச் சொல்வேன். வேகத்தில் மறைந்துபோவது மெதுவாகச் செய்யும்போது வெளியே வந்துவிடும். தலை சுழன்றுவிட்டது, தோள் சுழன்றுவிட்டது, கால் கிளம்பிவிட்டது, பாதம் மட்டும் இன்னும் பழைய திசையைப் பார்த்தபடி இருக்கும். அநேகமாக அவரே குனிந்து பார்த்துச் சிரித்துவிடுவார்.

முதல் அடி வைப்பதிலேயே இதற்குப் பாதி தீர்வு இருக்கிறது. உதைப்பதற்கு முன் இடது காலைக் குறுக்கே எடுத்து வைக்கும்போது விரல்கள் உள்பக்கம், அதாவது சுழலப்போகும் திசையைப் பார்த்து இருக்க வேண்டும். அப்படி வைத்தாலே சுழற்சியில் ஒரு பங்கு முன்கூட்டியே முடிந்துவிடும். நேராக வைத்தால் அந்தக் கடனை முழங்கால் அடைக்க வேண்டியிருக்கும்.

ஆனால் விரலை உள்பக்கம் திருப்ப இடுப்பு மூட்டு இடம் கொடுக்க வேண்டுமே. இதை வீட்டிலேயே சோதிக்கலாம். குப்புறப் படுத்து, இரண்டு முழங்கால்களையும் ஒட்டி வைத்து, செங்கோணமாக மடக்கி, பாதங்களை இரண்டு பக்கமும் வெளியே சரியவிடுங்கள். ஒருவரைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பலருக்கு ஏறத்தாழ 35 முதல் 45 பாகை வரை சரியும். நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கும் பலருக்குப் பாதி வழியிலேயே நின்றுவிடும். அதைவிட முக்கியம், இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்கிறதா என்பது. ஒரு பக்கம் தெளிவாகக் குறைவாக இருந்தால், அந்தக் காலில் ஊன்றிச் சுழல்வதை இப்போதைக்கு ஒத்திப்போடுங்கள்.

இடுப்பு மூட்டு திரும்பாவிட்டால் முழங்கால் மட்டுமல்ல, கீழ்முதுகும் சேர்ந்து விலை கொடுக்கும். கீழ்முதுகின் ஐந்து முள்ளெலும்புகளும் சேர்ந்தே ஒரு பக்கத்துக்குச் சில பாகைகள்தான் திரும்பும். குனிந்த நிலையில், வேகமாக, அதற்கு மேல் திருப்பச் சொன்னால் முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகள் தாங்காது. இந்த உதையில் குனிவது இடுப்பு மூட்டிலிருந்து இருக்க வேண்டும், முதுகை வளைத்து அல்ல. முதுகுவலி காலுக்கு இறங்கினால் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். இரண்டு தொடைகளுக்கு நடுவே மரத்துப்போவது, சிறுநீர் கழிக்க முடியாமல் போவது இரண்டில் எது வந்தாலும் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

தொடையின் பின்தசை பிடித்துக்கொள்வதும் ஊன்றிய காலில்தான் அடிக்கடி நடக்கிறது. யோசித்துப் பாருங்கள், உடம்பு முழுதாக முன்னால் மடிந்திருக்கிறது, நிற்கிற முழங்கால் கிட்டத்தட்ட நீண்டிருக்கிறது. அந்தத் தசை இரண்டு முனையிலும் இழுபட்டு நிற்கிறது, அதன்மேல் சுழற்சி வேறு. புட்டத்தின் அடியில், உட்காரும் எலும்புக்குப் பக்கத்தில் சுருக்கென்று குத்தினால், அதை இழுத்து நீட்டிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள், எல்லோருக்கும் அது ஆறாமல் நீள்கிறது. அந்த இடத்துக்குத் தேவை படிப்படியான வலுவூட்டல்.

மணிக்கட்டைப் பற்றி ஒரே விஷயம்: கை சமநிலைக்குத்தான், எடையைத் தாங்க அல்ல. உதை முடிந்ததும் மணிக்கட்டு வலித்தால் எடையைக் கையில் போட்டிருக்கிறீர்கள்.

கண் அழுத்த நோய் உள்ளவர்கள் தலையைக் கீழே தொங்கவிடும் எந்தப் பயிற்சியையும் கண் மருத்துவரிடம் கேட்காமல் தொடங்க வேண்டாம்; தலைகீழ் நிலையில் கண்ணின் உள்ளழுத்தம் ஏறும். ரத்த அழுத்தம் கட்டுக்குள் வராதவர்களும் மருத்துவரைக் கேட்டுவிட்டே தொடங்குங்கள்.

இனி தரை. சொரசொரப்பான சிமென்ட் தரையில் வெறுங்கால் பிடித்துக்கொள்ளும். ஜிம்மில் விரிக்கும் ரப்பர் பாய் அதைவிட மோசம். விழுந்தால் அடிபடாது என்ற தைரியத்தைக் கொடுத்துவிட்டு முழங்காலைக் காவு வாங்கும். மெழுகிய மரத்தரையோ வழவழப்பான கல் தரையோ சுழல நல்லது, ஆனால் வியர்வை சொட்டினால் வழுக்கும், பக்கத்தில் துண்டு இருக்கட்டும். அங்கோலா வகையினர் வழக்கமாகக் காலணியோடுதான் ஆடுகிறார்கள். அதைப் பார்த்துவிட்டு ஓட்டப்பயிற்சிக்கான ஷூவைப் போட்டுக்கொண்டு இறங்காதீர்கள். அந்த அடிப்பகுதி தரையைப் பிடிப்பதற்காகவே செய்யப்பட்டது. தட்டையான, தேய்ந்த அடிப்பகுதி உள்ள மெல்லிய காலணி போதும்.

வேகமும் ஒரு பிரச்சினை. வட்டத்தில் ஆட்டத்தின் வேகத்தைப் பெரிம்பாவ் என்ற ஒற்றை நரம்புக் கருவிதான் தீர்மானிக்கிறது. அங்கோலா தாளம் நிதானமானது. சாவ் பென்டோ கிராண்டே என்ற வேகமான தாளத்தை வாசித்தால் ஆட்டம் சூடுபிடித்துவிடும். புதியவர் அந்தச் சூட்டில் உள்ளே இறங்கும்போது கற்றதெல்லாம் மறந்து குதிகால் தரையில் ஒட்டிக்கொள்கிறது. இறங்காமல் கைதட்டிப் பாடிக்கொண்டு நிற்பதும் வட்டத்தில் பங்கெடுப்பதுதான். அதை யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள்.

உதை வாங்குகிறவரையும் பேசியாக வேண்டும். வருவது நீட்டிய கால் முழுதின் வேகத்தையும் சுமந்த குதிகால் எலும்பு. பழகும்போது எதிராளி நிற்கும் தூரத்தை முதலில் குறித்துக்கொள்ளுங்கள், தலைகீழாக இருக்கும்போதும் கைக்கு இடையில் அவரைப் பார்த்துக்கொண்டே இருங்கள். பார்க்காமல் சுழற்றுவது வீரம் கிடையாது. தலையில் பட்டுவிட்டால் மயக்கம் வரவில்லையே என்று சமாதானம் அடைய வேண்டாம்; மயங்காமலும் மூளை அதிர்ந்திருக்கலாம். தலைவலி, குமட்டல், கேட்டதையே திரும்பக் கேட்பது, வெளிச்சம் கூசுவது, ஏதோ மந்தமாக இருக்கிறது என்ற உணர்வு, இதில் ஒன்று இருந்தாலும் அன்றைய ஆட்டம் முடிந்தது. அதன்பின் 24 முதல் 48 மணி நேரம் அலட்டிக்கொள்ளாமல் இருந்துவிட்டு, மருத்துவர் சொல்படி படிப்படியாகத் திரும்ப வேண்டும். வாந்தி தொடர்ந்தாலும், தலைவலி ஏறிக்கொண்டே போனாலும், தூக்கத்திலிருந்து எழுப்ப முடியாவிட்டாலும், வலிப்பு வந்தாலும், ஒரு கை கால் பலவீனமானாலும் உடனே மருத்துவமனை.

முழங்காலில் 'டப்' என்று சத்தம் கேட்டு ஓரிரு மணி நேரத்தில் வீங்கினால், உள்ளே ரத்தம் கசிகிறது என்று பொருள். ஏசிஎல் அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். மெனிஸ்கஸ் மட்டும் கிழிந்தால் வீக்கம் பெரும்பாலும் மறுநாள்தான் தெரியும். மடக்கிய காலை நீட்டவே முடியாமல் பூட்டிக்கொண்டால் எலும்பு மருத்துவரைத் தாமதிக்காமல் பாருங்கள், கிழிந்த துண்டு மூட்டுக்குள் மாட்டியிருக்கலாம். எண்ணெய் போட்டு நீவி, கட்டுக் கட்டி மூன்று வாரம் கழித்து வருகிறவர்களிடம் எனக்குக் கோபம் இல்லை. மெனிஸ்கஸின் வெளியோரத்தில்தான் ரத்த ஓட்டம் உண்டு. அங்கே கிழிந்ததைத் தைத்துக் காப்பாற்றும் வாய்ப்பு இந்தத் தாமதத்தில் கைநழுவிப் போகலாமே என்ற வருத்தம்தான்.

உதைக்குத் தயாராகிறவர்களுக்கு நான் கொடுப்பது பெரிய பட்டியல் அல்ல. ஒற்றைக் காலில் நின்று, முதுகு வளையாமல் முன்னால் மடிந்து எழுவது. முழங்காலில் நின்று, கணுக்காலை ஒருவர் பிடித்துக்கொள்ள, உடம்பை மெல்ல முன்னால் சாய்ப்பது. நார்டிக் என்று சொல்லும் இந்தப் பயிற்சி கால்பந்து வீரர்களின் பின்தொடைக் காயங்களை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்திருக்கிறது. அப்புறம், உதையே இல்லாத சுழற்சி: கையை ஊன்றாமல், நிமிர்ந்து நின்று, முன்பாதத்தில் பாதத்தை மட்டும் திருப்பிப் பழகுவது. இது சலிப்பாகத்தான் இருக்கும். ஜிங்கா என்ற அந்த அடிப்படை ஆட்ட நடையோடு சேர்த்துச் செய்தால் சலிப்பு குறையும்.

ஏசிஎல் அறுவைச் சிகிச்சை முடிந்தவர்கள், நடை சரியாகிவிட்டது என்பதற்காக ஐந்தாம் மாதத்தில் வட்டத்துக்குத் திரும்ப வேண்டாம். ஒன்பது மாதத்துக்கு முன் இப்படித் திருகும் ஆட்டங்களுக்குத் திரும்புகிறவர்களுக்கு மறுபடி காயம் வரும் வாய்ப்பு தெளிவாக அதிகம். ஒன்பது மாதம் ஆனாலும், இரண்டு தொடைகளின் வலுவும் அளந்து பார்த்து ஏறக்குறைய சமமாக இருந்தால்தான் நான் சம்மதிப்பேன். சம்மதித்த பிறகும் முதல் சில வாரங்கள் அறுவை செய்த காலை உதைக்கப் பயன்படுத்தலாம், ஊன்றக் கூடாது.