நன்றாகத்தான் இருக்கிறாள் என்று வீட்டுக்குக் கூட்டிப் போகாதீர்கள்

"நல்லாத்தானே டாக்டர் இருக்கா, கூட்டிட்டுப் போகட்டுமா?" அவசரச் சிகிச்சைப் பிரிவில் இந்தக் கேள்வியைக் கேட்காத பெற்றோர் குறைவு. அவர்களைத் தப்புச் சொல்லவும் முடியாது, ஏனென்றால் பாராசிட்டமாலை அளவுக்கு மீறி விழுங்கியவர் முதல் நாள் முழுக்க உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார், கொஞ்சம் குமட்டல் இருக்கலாம், அவ்வளவுதான். கல்லீரல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பது மூன்றாம் நாள், நான்காம் நாள்தான் முழுதாகத் தெரியவரும். ஆனால் அதற்கான முறிவு மருந்தான அசிட்டைல்சிஸ்டீன் மிக நன்றாகக் காப்பாற்றுவது முதல் 8 மணி நேரத்துக்குள் ஏற்றினால்தான். ஆள் தெம்பாக இருக்கும்போதே ஏற்ற வேண்டிய மருந்து அது.

அதனால் நான் முதலில் கேட்பது "எத்தனை மணிக்கு?" என்றுதான். விழுங்கி 4 மணி நேரமாவது ஆன பிறகு ரத்தம் எடுத்து, அதிலுள்ள மருந்தின் அளவை ஒரு வரைபடத்தோடு ஒப்பிட்டுத்தான் முறிவு மருந்து தேவையா என்று முடிவெடுக்கிறோம். மணியைத் தப்பாகச் சொன்னால் வரைபடமும் தப்பான பதிலைத்தான் தரும். ஒரு கல்லூரிப் பெண், அப்பா பக்கத்தில் நின்றவரை "இப்பதான், ரெண்டே மாத்திரை" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "திட்ட மாட்டேன்மா, மணி மட்டும் சொல்லு" என்றேன். பைக்குள் கைவிட்டு, கசங்கிய காலி அட்டைகளை எடுத்து ஒவ்வொன்றாகப் படுக்கையில் வைத்தாள். 6 மணி நேரம் ஆகியிருந்தது.

விஷம் எதுவானாலும் அதற்கு ஓர் ஊசி இருக்கும், போட்டதும் எழுந்துவிடுவார் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி எழுப்பும் ஊசி ஒன்று உண்மையிலேயே உண்டு, நலாக்சோன். மார்ஃபின் வகை மருந்து அதிகமாகி மூச்சு அடங்கிப் போனவர் ஓரிரு நிமிடத்தில் கண் திறப்பார். ஆனால் அதன் வேலை 30 முதல் 90 நிமிடம்தான். உள்ளே இருக்கும் மருந்து அதைவிட நீண்ட நேரம் நிற்கும் வகையாக இருந்தால் மூச்சு மறுபடி அடங்கும். கண் திறந்தாயிற்று என்று கிளம்பிவிடக் கூடாது என்று நாங்கள் மன்றாடுவது இதனால்தான்.

பூச்சிமருந்து வேறு கதை. ஆர்கனோபாஸ்பேட் வகையைக் குடித்தவருக்கு நுரையீரலுக்குள் நீர் சுரந்துகொண்டே இருக்கும், கிட்டத்தட்ட தன் சளியிலேயே மூழ்குவது போல. அந்தச் சுரப்பை வற்றவைக்கும் அட்ரோபின் என்ற மருந்தைப் போட்டு, 5 நிமிடத்துக்கு ஒருமுறை அளவை இரட்டிப்பாக்கி, நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து அந்தக் கொரகொரப்பு நிற்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருப்போம். அக்குளில் கை வைத்துப் பார்ப்போம், ஈரம் காய்ந்திருந்தால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. அட்ரோபின் கூடிப்போனால் காய்ச்சலும் பிதற்றலும் வரும் என்பதால் பக்கத்திலேயே ஒருவர் நிற்க வேண்டும்.

களைக்கொல்லியான பாராகுவாட்டுக்கு முறிவு மருந்தே கிடையாது. அதில் ஆக்சிஜனைக்கூடத் தாராளமாகக் கொடுக்க முடியாது, நுரையீரல் இன்னும் கெடும்.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உப்புத் தண்ணீர் கொடுக்காதீர்கள். அமிலம் மேலே வரும்போது தொண்டையை இரண்டாம் முறை பொசுக்கும், மண்ணெண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். மயங்கிக் கிடந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், வாயில் எதையும் ஊற்ற வேண்டாம். பூச்சிமருந்து நனைந்த துணியைக் கையுறை போட்டுக் கழற்றி, தோலைக் கழுவுங்கள். அப்புறம் அந்தப் பாட்டிலையோ மாத்திரை அட்டையையோ கட்டாயம் கையோடு கொண்டுவாருங்கள். பெரிய எழுத்தில் இருக்கும் வணிகப் பெயரைவிட, கீழே பொடி எழுத்தில் இருக்கும் வேதிப்பெயர்தான் எங்களுக்கு வேண்டும்.

அந்தப் பெண்ணுக்கு 8 மணி நேரம் ஆவதற்குள் மருந்து ஏறத் தொடங்கியது, மொத்தம் 21 மணி நேர ட்ரிப். மறுநாள் கல்லீரல் பரிசோதனை சரியாக இருந்தது. அன்று மாலை மனநல மருத்துவர் வந்து, முதலில் அவளிடம் தனியாகவும் பிறகு அப்பாவை உட்கார வைத்தும் பேசினார். அதற்குப் பிறகுதான் வீட்டுக்கு அனுப்பினோம்.